கரைமரம் சாடிக்கு வரும் வழி

போன்சாய் மரம் இரண்டு வழியில் உருவாகிறது. ஒன்று, விதையிலிருந்தோ வெட்டுத்துண்டிலிருந்தோ சிறுகச் சிறுக வளர்த்தெடுப்பது. மற்றது, காற்றும் வறட்சியும் ஆடுமாடும் ஏற்கெனவே குறுக்கி வைத்த முதிய மரத்தை நிலத்திலிருந்து தோண்டிச் சாடிக்கு மாற்றுவது. இரண்டாவதற்கு ஜப்பானியர் வைத்த பெயர் யமதோரி. யம என்றால் மலை. தோரி என்றால் எடுத்தல். இலங்கையின் கற்பிட்டியில் மலை கிடையாது. ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணல்தான் அந்தக் குடாநாடு. ஆனாலும் மலைமுகட்டில் பனியும் பாறையும் செய்யும் வேலையை இங்கே உப்புக்காற்றும் மணலும் செய்து முடிக்கின்றன. கடலைப் பார்த்து நிற்கும் பற்றைகளில் இடுப்பளவுகூட உயராத, ஆனால் தொடையளவு பருத்த அடிமரங்கள் உண்டு.

மரம் இப்படிக் குறுகுவதற்குக் காரணம் பல. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் கற்பிட்டிக் கரையில் காற்று ஓய்வதில்லை; பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கும் வெளிநாட்டார் அந்தக் காற்றுக்காகவே வருகிறார்கள். அலைநுரையிலிருந்து பறக்கும் உப்புத் துளிகள் கடற்பக்க அரும்புகளைக் கருக்கிவிடும். கரைப்பக்க அரும்புகள் மட்டும் தப்பி வளர்வதால் மரம் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து, சீப்பால் வாரிய தலைபோல் ஆகிறது. அசைவும் தனியாக ஒரு வேலை செய்கிறது. ஓயாமல் ஆட்டப்படும் தண்டு நீளத்தைக் குறைத்துப் பருமனைக் கூட்டிக்கொள்ளும். தொடுகைக்கும் அசைவுக்கும் தாவரம் தன் வளர்ச்சியை இவ்வாறு மாற்றிக்கொள்வதற்கு 1973இல் மார்க் ஜாஃபி என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் தனிப் பெயரே சூட்டினார். இவற்றோடு மணலில் ஊட்டமும் குறைவு. வெயில் மாதங்களில் ஈரமும் ஆழத்துக்கு இறங்கிவிடும். இந்தக் குறுக்கம் பரம்பரையால் வந்ததன்று. அதே மரத்தின் விதையைக் காற்றடங்கிய இடத்தில் ஊன்றினால் அது நிமிர்ந்து வளரும்.

சாடியில் வைத்துக்கொண்டே இத்தகைய அடிமரத்தை உண்டாக்கிவிட முடியாதா என்றால், ஒரு மனித ஆயுளுக்குள் பெரும்பாலும் முடியாது. மரம் பருப்பது பட்டைக்கு உள்ளே இருக்கும் மாறிழையம் என்ற மெல்லிய படையால். அது வெளிப்பக்கம் பட்டையையும் உட்பக்கம் மரக்கட்டையையும் பிறப்பித்துக்கொண்டே இருக்கிறது. அந்த வேலைக்கு வேண்டிய வெல்லத்தை இலைகள்தான் அனுப்ப வேண்டும். கைப்பிடி இலையுள்ள சாடி மரத்துக்கு அந்த வருமானம் இல்லை. ஆகவே தடித்த அடிமரத்தோடு போன்சாய் வேண்டுகிறவர், வேறெங்கோ வேறெவராலோ செய்து முடிக்கப்பட்ட பல பத்தாண்டு வேலையைத் தோண்டி எடுத்துக்கொள்கிறார். யமதோரியின் கவர்ச்சியும் அதுதான், சிக்கலும் அதுதான்.

கற்பிட்டிக் கரையிலும் அதையொட்டிய தீவுகளிலும் போன்சாய்க்காரரின் கண் முதலில் போய் நிற்கும் மரம் கிரிமரம். மருதாணியும் மாதுளையும் சேர்ந்த குடும்பத்தில் இதுவும் ஒன்று. கடற்கரைப் பற்றையாகவோ சிறு மரமாகவோ நிற்கும். இலை சிறியது, தடித்தது. இரு பக்கமும் பட்டுப்போன்ற மயிர் மூடியிருப்பதால் தூரத்தில் வெள்ளி பூசியதுபோல் தெரியும். பூ வெள்ளை, ஆறு இதழும் கசங்கிய கடதாசிபோல் இருக்கும். காய் முற்றியதும் மூடி கழன்ற செப்புப்போல் திறந்து விதையைச் சிந்தும். விதை கடல்நீரில் மிதக்கும். அதனால்தான் கிழக்கு ஆபிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை இதே மரம் பரவிக் கிடக்கிறது. கப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில் சென்ற ஃபோர்ஸ்டர் தந்தையும் மகனும் இதற்கு விஞ்ஞானப் பெயர் இட்டவர்கள். தமிழ்நாட்டில் மன்னார் வளைகுடாத் தீவுகளில் இது உண்டு. கட்டை கல்லுக்கு ஒப்பான கடினம். பசிபிக் தீவுவாசிகள் கருவிப் பிடிக்கும் முளைக்கும் ஊன்றுகோலுக்கும் அதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

போன்சாய்க்கு வேண்டிய குணம் எல்லாம் இதில் ஒருங்கே இருக்கிறது: சிறிய இலை, முறுக்கேறிய தண்டு, உரிந்து தொங்கும் பட்டை, பட்டுப்போனாலும் இலகுவில் உக்காத கட்டை, வெட்டினால் பழைய தண்டிலிருந்தும் துளிர்க்கும் இயல்பு. இந்தோனேசியாவில் சந்திகி, பிலிப்பைன்ஸில் பந்திகே என்ற பெயர்களில் இது போன்சாய்க் கண்காட்சிகளின் அரசனாக விளங்குகிறது. அந்தப் புகழுக்குக் கரை கொடுத்த விலையும் பெரிது. பிலிப்பைன்ஸ் இதை அச்சுறுத்தலுக்குள்ளான தாவரங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தாய்வானின் தென்முனையிலும் போன்சாய்க்காகத் தோண்டியே இந்த மரம் அருகிப்போனது. உலக அளவில் பார்த்தால் அழியும் நிலையில் இல்லை என்பது உண்மை. ஆனால் உலகக் கணக்கு ஒரு தீவின் கரைக்கு ஆறுதல் ஆகாது.

ஜப்பானில் இதே கதை ஒரு நூற்றாண்டு முன்னரே நடந்துவிட்டது. ஷிகோக்குத் தீவின் இஷிசுச்சி மலைப்பாறைகளில் விளைந்த ஷிம்பாக்கு என்ற ஊசியிலை மரத்துக்கு மவுசு ஏறியதும், கயிற்றில் தொங்கி மலைமுகத்தில் இறங்கித் தோண்டுவதையே சிலர் தொழிலாகக் கொண்டார்கள். எட்டிய இடமெல்லாம் வெறுமையான பிறகுதான் நாற்றுமேடையில் வளர்க்கும் வழக்கம் வலுத்தது.

தோண்டும்போது மரத்துக்கு நேர்வது என்ன? நிலத்துக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு வேர் என்றால் கை பருமனில் ஓடும் தடித்த வேர்கள்தான். அவை மரத்தைப் பிடித்து நிறுத்துபவை, உணவைச் சேமிப்பவை. நீரை உறிஞ்சுவதில் அவற்றின் பங்கு குறைவு. உறிஞ்சும் வேலை நூலைவிட மெல்லிய நுனிவேர்களையும், அவற்றின்மேல் உள்ள, சில நாட்களே வாழும் வேர்மயிர்களையும், அவற்றோடு கூட்டுச் சேர்ந்த பூஞ்சை இழைகளையும் சேர்ந்தது. இந்த நுனிவேர்கள் தண்டுக்கு அருகே இருப்பதில்லை. கிளை விரிந்த எல்லையையும் கடந்து போய் நிற்கும். மண்ணுருண்டையோடு வழமைபோல் தோண்டி எடுக்கப்படும் மரம் தன் உறிஞ்சு வேர்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேலும் இழந்துவிடலாம். மேலே இலைகள் அத்தனையும் அப்படியே இருக்கும்.

இலையிலிருந்து நீர் ஆவியாகப் போகும் இழுவிசைதான் வேரிலிருந்து நீரை மேலே ஏற்றுகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, அறாத நூல்போல் காழ்க் குழாய்களில் ஏறுகின்றன என்று 1894இல் டப்ளினில் டிக்சனும் ஜோலியும் விளக்கினார்கள். கீழே நீர் வராமல் மேலே இழுவை மட்டும் தொடர்ந்தால் அந்த நூல் அறும். குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்து அடைத்துக்கொள்ளும். அடைபட்ட குழாய் மீண்டும் நிரம்புவது அரிது. தோண்டிய மரம் பட்டினியால் சாவதைவிடத் தாகத்தால் சாவதே மிகுதி. கிளையையும் இலையையும் குறைப்பதும், நிழலில் வைப்பதும், பொலித்தீனால் மூடி ஈரக்காற்றைக் காப்பதும் எல்லாம் இந்த நூல் அறாமல் பார்த்துக்கொள்ளும் உபாயங்கள்.

அப்படியானால் இலை முழுவதையும் உருவிவிடலாமே என்று தோன்றும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அது எல்லா மரத்துக்கும் பொருந்தாது. புதுவேர் பிறக்க ஓட்சின் என்ற வளர்ச்சிப் பொருள் வேண்டும். அது அரும்பிலும் இளம் இலையிலும் உருவாகித் தண்டு வழியே கீழ்நோக்கிப் பாய்கிறது. வேர் வெட்டப்பட்ட இடத்துக்கு மேலே அது தேங்கும். தேங்கிய இடத்தில்தான் புதுவேர் கிளம்பும். வேர்நுனியில் உண்டாகி மேலே வரும் சைற்றோகைனின் அரும்புகளை எழுப்புகிறது. வேரும் அரும்பும் இப்படி ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்வதால், ஒன்றை அடியோடு நீக்கினால் மற்றதும் சோர்ந்துபோகிறது. செலவுக்கு வேண்டிய மாப்பொருள் தண்டிலும் தடித்த வேரிலும் சேமிப்பில் இருக்கிறது. வெட்டிய வேரின் முகத்தில் அயடீன் துளி விட்டால், சேமிப்புள்ள மரத்தில் அது கருநீலமாக மாறும். பாடசாலையில் கிழங்குக்குச் செய்யும் அதே சோதனைதான்.

இந்தச் சேமிப்பே ஒரு ஏமாற்றுக்கும் இடம் வைக்கிறது. தோண்டிய சில வாரங்களில் மரம் எங்கும் பச்சைத் துளிர் வெடிக்கும். வளர்ப்பவர் மகிழ்ந்து வெயிலில் வைப்பார், உரம் போடுவார், வளைப்பதற்குக் கம்பி சுற்றுவார். ஒரு மாதத்தில் அத்தனை துளிரும் ஒரே நாளில் வாடித் தொங்கும். நடந்தது இதுதான்: அரும்புகள் தண்டிலிருந்த மாப்பொருளையும் கட்டையிலிருந்த ஈரத்தையும் கொண்டு விரிந்தன, கீழே ஒரு வேரும் பிறக்கவில்லை. முதல் துளிர் வேர் பிடித்ததற்குச் சான்றாகாது. அது முற்றித் தடித்து, அடுத்த சுற்றுத் துளிரும் தளராமல் நீண்டால்தான் மரம் சாடியை ஏற்றுக்கொண்டது என்று கொள்ளலாம். யமதோரி மரங்கள் அதிகம் சாவது தோண்டும் நாளில் அல்ல, இந்த அவசரத்தில்தான்.

பழைய கைகாரர்கள் மரத்தை ஒரே நாளில் தோண்டுவதில்லை. முதல் ஆண்டு மரத்தைச் சுற்றிப் பாதி வட்டம் பள்ளம் வெட்டி, அங்கே குறுக்கிடும் வேர்களைக் கூரிய கத்தியால் அறுத்து, பருமணலும் தும்புத்தூளும் கலந்து மூடிவிடுவார்கள். அறுத்த முகங்களுக்குப் பின்னால், தண்டுக்குக் கிட்டவே, புதிய நுனிவேர்க் கொத்து பிறக்கும். அடுத்த ஆண்டு மறுபாதி. மூன்றாம் முறை போகும்போது மரம் உறிஞ்சு வேர்களை அருகில் திரட்டிக்கொண்டு புறப்பட ஆயத்தமாக நிற்கும். இதற்கு ஜப்பானியச் சொல் நெமவாஷி, அதாவது வேரைச் சுற்றி வருதல். ஒரு தீர்மானத்தைக் கூட்டத்தில் வைக்குமுன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசி இணங்க வைப்பதற்கும் ஜப்பானிய அலுவலகங்களில் இன்று அதே சொல்தான்.

கற்பிட்டி மணலில் இந்த ஆயத்தம் இன்னும் அவசியம். களிமண் வேரோடு ஒட்டி உருண்டையாக வரும்; மணல் அலவாங்கு பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்து, மெல்லிய வேர்களையும் இழுத்து அறுத்துவிடும். முதல்நாள் நன்றாக நீர் ஊற்றி இறுகவைத்து, தோண்டத் தோண்டவே ஈரச்சாக்கைச் சுற்றித் தும்புக் கயிற்றால் வரிந்து கட்ட வேண்டும். முருகைக்கல் இடுக்கில் வேர் விட்ட மரத்தை எடுப்பதோ ஏறக்குறைய வீண்முயற்சி. கல்லுக்குள் புகுந்த வேர் கல்லோடுதான் வரும்.

காலமும் முக்கியம். குளிர்நாடுகளில் குளிர்காலத்தின் கடைசியில், அரும்பு விழிக்குமுன் தோண்டுவார்கள். உலர்வலயக் கரையில் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே மழையின் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரை வருகிறது. முதல் மழை இறங்கி மண் நனைந்த வேளையே தோதானது: காற்றில் ஈரம் மிகுதி, வெயில் தணிவு, மண்சூடு வேர் பிறக்கப் போதும். ஜூலை, ஓகஸ்டு மாதங்களில் கச்சான் காற்றுக்கு நடுவே தோண்டப்பட்ட மரம் சாடிக்குப் போய்ச் சேருமுன்பே உலர்ந்துவிடும்.

உப்பைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. கடற்கரை மரம் என்பதால் சாடியிலும் உப்புநீர் ஊற்ற வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். கடல்நீர் வேரிலிருந்து நீரைத் தன் பக்கம் இழுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 25 வளிமண்டல அளவு. கார் ரயரிலுள்ள காற்றழுத்தத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல். அதற்கு எதிராக நீரை உறிஞ்சும் திறன் கிரிமரத்துக்கும் கண்டலுக்கும் உண்டு. உப்பில்லாமல் வாழ முடியாது என்பது அதன் பொருளன்று. உப்பைத் தாங்க முடியாத மரங்கள் இல்லாத இடத்தில் அவை போட்டியின்றி நிற்கின்றன, அவ்வளவே. நல்ல நீரில் கிரிமரம் தாராளமாக வளரும். வேர் அறுபட்டிருக்கும் வேளையில் உப்பு கூடுதல் சுமை. கற்பிட்டிக் கிணறுகளில் நல்ல நீர் உவர்நீரின்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்பதால், வறட்சி நீளும்போது அது கரிக்கத் தொடங்கும். அந்த நீரை நாளும் வார்த்தால் சாடி மண்ணில் உப்பு படியும். தேங்காய் மட்டையைக் களப்புநீரில் ஊறவைத்து எடுத்த தும்புத்தூளும் அப்படித்தான். பலமுறை நல்ல நீரில் அலசாமல் பயன்படுத்தக் கூடாது.

எல்லா மரமும் ஒரே மாதிரிப் பிழைப்பதில்லை. ஆல், அரசு, இத்தி ஆகிய அத்திக் குடும்பத்தார் தண்டு முழுவதும் வேர் விடும் ஆயத்தத்தோடு இருப்பவர்கள். கால் பருமனான முண்டத்தை வேரில்லாமல் நட்டாலும் பிழைக்கலாம். புளியும் பராயும் பொறுமைசாலிகள். களப்போரத்துக் கண்ணா, வெட்டினால் அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்கும். அதன் அருகிலேயே நிற்கும் கண்டலுக்கு அந்த வசதி இல்லை. அதன் முதிய தண்டில் உறங்கும் அரும்புகள் எஞ்சியிருப்பதில்லை. இலையுள்ள பகுதியை வெட்டிவிட்டால் கீழ்த்தண்டு துளிர்க்காமல் பட்டுவிடும். தோண்டிய கண்டல் மரம் தோட்டத்துக்கு விறகாகவே வந்து சேரும். தென்னை வேறு கதை. மாறிழையம் இல்லாத தண்டு என்பதால் அதை எவ்வளவு வெட்டினாலும் கிளைக்காது, பருக்காது. முளைத்த தேங்காயைச் சாடியில் வைத்துத் தென்னைப் போன்சாய் என்று விற்பது பெயரளவில்தான். ஆனால் அதே தென்னை, அடியிலிருந்து ஓயாமல் புதுவேர் விடுவதால், வளர்ந்த பிறகும் இடம் மாற்றினால் தாங்கிக்கொள்ளும்.

தோண்டிய மரத்தை நேரே அழகான சாடியில் வைக்கக் கூடாது. அகன்ற பலகைப் பெட்டியில், பருமணலும் உடைத்த செங்கல்லும் கரித்துண்டும் கலந்து, நீர் தேங்காதபடி நட வேண்டும். வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். நசிந்த மண்ணில் வெட்டுமுகங்கள் அழுகும். மரத்தைப் பெட்டியோடு அசையாமல் கட்டிவிடுவது கற்பிட்டி போன்ற காற்றடிக்கும் ஊரில் பாதி வைத்தியம். தண்டு ஒருமுறை ஆடினால் அன்று பிறந்த வேர்நுனிகள் அத்தனையும் முறிந்துவிடும். மேலே கிடுகு நிழல், காலையும் மாலையும் இலைக்கு நீர்த்தூவல், வேர் பிடிக்கும்வரை உரம் இல்லை. கத்தரியும் கம்பியும் ஓராண்டு, ஈராண்டு கழித்துத்தான்.

விற்பவர்கள் சொல்லும் வயதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. குளிர்நாட்டு மரத்தைப்போல் ஆண்டுக்கொரு தெளிவான வளையம் இங்குள்ள மரங்களில் பெரும்பாலும் அமைவதில்லை. முறுக்கும் உரிந்த பட்டையும் முதுமையின் தோற்றத்தைத் தரும், ஆண்டைச் சொல்லாது.

மரம் போன இடத்தில் கரைக்கு என்ன ஆகிறது என்பதும் இந்த அறிவியலின் பகுதியே. முன்வரிசைப் பற்றைதான் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்குகிறது. அதில் ஒரு குழி விழுந்தால் காற்று அந்த வழியே புகுந்து மணலைக் குடைந்து வாயை அகலமாக்கும். கிரிமரத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அதன் பூக்களில் இரண்டு வகை: சில மரங்களில் சூல்தண்டு நீளம், மகரந்தத்தாள் கட்டை, மற்ற மரங்களில் மறுதலை. ஒரு வகையின் மகரந்தம் மற்ற வகைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விதை ஒழுங்காகப் பிடிக்கும். சிறு தீவொன்றில் நிற்கும் சில மரங்களில் வடிவானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, எஞ்சியவை எல்லாம் ஒரே வகையாகிப்போனால், பூ நிறையப் பூக்கும், காய் இராது.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், உயர்நீர் எல்லையிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரையான கரையோர வலயத்தில் இயற்கைத் தாவரங்களை அகற்றுவதையும் அனுமதி பெற வேண்டிய செயல்களுக்குள் அடக்குகிறது. அரச காடுகளுக்கு வனக் கட்டளைச் சட்டம் வேறு. 1980களிலிருந்து இறால் பண்ணைகளுக்காகப் புத்தளம் மாவட்டத்தில் அழிந்த கண்டற்காட்டோடு ஒப்பிட்டால் போன்சாய்க்காரர் எடுப்பது அற்பம்தான். ஆனால் பண்ணை வெட்டுபவர் கண்ணில் பட்டதையெல்லாம் அழிக்கிறார். போன்சாய்க்காரர் மிக முதிய, மிக வடிவான மரத்தைத் தேடிப் பிடிக்கிறார். விதை தருபவை பெரும்பாலும் அவையே.

முதிய தோற்றம் வேண்டுமென்றால் மரத்தைத் தோண்டாமலே பெற ஒரு வழி உண்டு: காற்றுப்பதி. சொந்தக் காணியில் நிற்கும் முதிய மரத்தில் நல்ல வளைவுள்ள தடித்த கிளையைத் தெரிந்து, இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, மாறிழையத்தையும் சுரண்டி, ஈரத் தும்புத்தூளை வைத்துப் பொலித்தீனால் கட்டுவது. கட்டைக்குள் நீர் வழமைபோல் மேலேறும். மேலிருந்து வரும் வெல்லமும் ஓட்சினும் வெட்டின் மேல்விளிம்பில் தேங்கும். அத்தியினங்களில் சில வாரங்களிலும் கடினமான மரங்களில் பல மாதங்களிலும் அங்கே வேர் வரும். அதன் பிறகு அறுத்து நட்டால் அது வேரை இழந்த மரமன்று; வேரோடு பிறந்த மரம். தாய்மரம் வெட்டுக்குக் கீழே மீண்டும் துளிர்க்கும்.

தோண்டியே ஆக வேண்டுமென்பவருக்கும் கற்பிட்டியில் பஞ்சமில்லை. இடிக்கப் போகும் வீட்டுச் சுவர், தூர்ந்த கிணற்றுக் கட்டு, பழைய மதில் என்று எங்கும் பறவை எச்சத்தில் விழுந்த ஆலும் அரசும் இடுக்கில் முளைத்து, சுண்ணாம்பைப் பிளந்து, வேரைத் தட்டையாக விரித்து நிற்கின்றன. ஒல்லாந்தர் கோட்டை போன்ற தொல்பொருள் சின்னங்களைத் தவிர்த்துவிட்டால், இவற்றை வீட்டுக்காரர் எப்படியும் வெட்டி எறியத்தான் போகிறார். அத்தி இனம் என்பதால் பிழைக்கும் வாய்ப்பும் கிரிமரத்தைவிட அதிகம். கேட்டு எடுத்துக்கொள்ள ஓர் உளியும் ஈரச்சாக்கும் ஐப்பசி மழையும் போதும்.